சிம்லா பீட் போட்டி

அனைத்திந்திய சிம்லா பீட் போட்டி என்பது 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் இந்தியாவில் நடைபெற்ற ராக் இசைப் போட்டி ஆகும். சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்திற்காக இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் இதனை நடத்தியது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் 1970இல் இந்தியா டொபாக்கோ கம்பெனி எனவும், 1974இல் ஐ.டி.சி. எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

== பின்னணி ==
1968இல் பீட்டில்சு குழுவினர் ரிசிகேசத்திற்கு வந்தனர். 1969 ஆகத்து மாதம் அமெரிக்காவில் நடந்த வூட்ஸ்டாக் விழாவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கூடினர். அவ்விழாவின் தொடக்க உரையை ஆற்றிய சுவாமி சச்சிதானந்தர், கோயம்புத்தூர் அருகேயுள்ள செட்டிபாளையத்தில் பிறந்தவர். முதல் நாள் இரவு மழைக்கு இடையே ரவி சங்கர் சித்தார் வாசித்தார்.

இக்காலத்தில் இந்திய நகரங்களின் கல்லூரி மாணவர்களும் மின் கிதார் இசைக்குழுக்களை அமைத்தனர். வெளிநாட்டு இசைக்கருவிகளை இறக்குமதி செய்வது கடினமாக இருந்ததால், உள்நாட்டில் செய்யப்பட்ட கிதார்களையும் ஒலிபெருக்கிகளையும் பலர் பயன்படுத்தினர். 1967 முதல் 1977 வரை கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஜூனியர் ஸ்டேட்ஸ்மன் இதழ் இவ்விளைஞர் பண்பாட்டைப் பதிவு செய்தது.

== போட்டி ==
பல நகரங்களைச் சேர்ந்த குழுக்கள் இதில் பங்கேற்றன. இறுதிச் சுற்று பம்பாயின் சண்முகானந்தா அரங்கில் நடைபெற்றது. 1963இல் திறக்கப்பட்ட இவ்வரங்கு, பம்பாய் வாழ் தென்னிந்தியர்கள் கருநாடக இசைக்காக அமைத்த சபாவுக்கு உரியதாகும். கச்சேரி மேடையிலேயே ராக் இசையும் ஒலித்தது இப்போட்டியின் சிறப்புகளுள் ஒன்று.

சென்னையின் கன்ஃபியூசன்ஸ், சில்லாங்கின் ஃபென்டோன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர் ஆகியவை பங்கேற்ற குழுக்களுள் குறிப்பிடத்தக்கவை. கிரேட் பேர் குழுவின் திலீப் பாலகிருஷ்ணன், நந்தன் பாக்சி ஆகியோர் பின்னர் ஹை என்ற குழுவில் இசைத்தனர்.

== இசைத்தட்டுகள் ==
போட்டியில் பங்கேற்ற குழுக்களின் பாடல்கள் *சிம்லா பீட் 70*, *சிம்லா பீட் 71* என்ற இரு இசைத்தட்டுகளாக வெளியிடப்பட்டன. மேலைநாட்டுப் பாடல்களின் மறுபாடல்களுடன், குழுக்கள் தாமே இயற்றிய ஆங்கிலப் பாடல்களும் இவற்றில் இடம்பெற்றன. இந்தியாவில் உருவான தொடக்ககால ராக் இசைக்கு இவை அரிய சான்றுகளாகும்.

== மறதியும் மீட்பும் ==
வூட்ஸ்டாக் விழா 1970இல் வெளிவந்த ஆவணப்படத்தால் உலகெங்கும் அறியப்பட்டது. சிம்லா பீட் போட்டியின் நினைவோ பெரும்பாலும் இவ்விரு இசைத்தட்டுகளையே சார்ந்திருந்தது. குழுக்கள் கலைந்தன, உறுப்பினர்கள் பலர் வேறு தொழில்களுக்குச் சென்றனர். பாடல்கள் ஆங்கிலத்தில் இருந்தமையால் மொழிவழி இசை வரலாறுகளிலும் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் வெளிநாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடத் தொடங்கியதால் மறுபதிப்புகள் வெளிவந்தன. 2014இல் வெளியான சித்தார்த் பாட்டியாவின் *இந்தியா சைக்கடெலிக்* என்ற நூலும் இக்கால இசைக்குழுக்களைப் பற்றிப் பேசுகிறது.

இப்போட்டி அக்கால இளைஞர்களுக்கு மேடையும் ஒலிப்பதிவு வாய்ப்பும் அளித்தது; அதே வேளையில் அவர்களிடம் சிகரெட்டை விற்பதற்கான கருவியாகவும் இருந்தது. புகையிலைப் பொருட்களுக்கு விளம்பரமும் புரவலர் உதவியும் அளிப்பதை 2003ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் தடை செய்தது. எனவே இத்தகைய போட்டியை அதே வடிவில் மீண்டும் நடத்த இயலாது.