ஆபத்தின் அளவை யார் எழுதுவது?

1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் 24 ரக விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். விடுதலைப் புலிகளின் ஏவுகணைக்கு அது இலக்கானதென்றே கருதப்படுகிறது. 2012 இல்தான் விமானத்தின் சிதைவுகள் இரணைதீவை அண்டிய கடலடியில் கண்டறியப்பட்டன. மீட்கப்பட்ட உடைகள், உறவினர் அடையாளம் காண்பதற்கென 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இவ்வாறான ஆபத்தை முன்கூட்டியே அளவிட இன்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு முறையை வகுத்துள்ளது. நிகழக்கூடிய ஒன்றின் சாத்தியம் 5 முதல் 1 வரையான எண்ணாலும், அதன் பாரதூரம் ஏ முதல் ஈ வரையான ஆங்கில எழுத்தாலும் குறிக்கப்படும். அடிக்கடி நிகழ்வது 5, பேரழிவு ஏ. இரண்டையும் சேர்த்தே முடிவு எடுக்கப்படுகிறது. ஓடுபாதையில் பறவைகள் கூடுவது அடிக்கடி நேரலாம். ஆனால் பெரும்பாலும் சிறு சேதத்துடன் முடிந்துவிடும். ஏவுகணையின் கதை வேறு. அதன் பாரதூரம் ஏ என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. எனவே முழு வழக்கும் அந்த எண்ணிலேயே தங்கியிருக்கிறது.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் உள்ளது. அவ்வமைப்பின் கைநூலின்படி 3 என்றால் அரிதாகவேனும் நிகழ்ந்துள்ளது. 2 என்றால் நிகழ்ந்ததாக அறியப்படவில்லை. 3ஏ ஏற்கமுடியாதது, பறப்பை நிறுத்தவேண்டும். 2ஏ என்றால் தக்க தணிப்பு நடவடிக்கைகளுடன் பறக்கலாம்.

பயணிகள் விமானம் எதுவும் அவ்வழியில் சுடப்பட்டதில்லை என்று கூறி ஒருவர் 2 என எழுதியிருக்கலாம். ஆனால் 1995 ஏப்ரல் 28, 29 ஆம் திகதிகளில் அதே பலாலிக்கு அருகே விமானப்படையின் இரு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டிருந்தன. ஏவுகணைக்கு இராணுவ விமானம், சிவில் விமானம் என்ற பேதம் தெரியாது. அந்த மூன்றாண்டு அனுபவத்தை எண்ணிக்கையில் சேர்த்திருந்தால் 3க்குக் குறைவாக எழுத நியாயமே இல்லை. தரைப்பாதை மூடப்பட்டிருந்த அக்காலத்தில், ஆகாயமும் கடலும் தவிர வேறு வழியற்ற மக்களிடம் அந்த எண் எதுவென எவரும் கேட்கவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததுமன்று. 2014 ஜூலை 14 இல் கிழக்கு உக்ரேனில் இராணுவச் சரக்கு விமானமொன்று வீழ்த்தப்பட்டது. ஆயினும் உயரமான வான்பரப்பு திறந்தே இருந்தது. மூன்று நாட்களின் பின் மலேசிய விமானத்தில் 298 பேர் பலியாகினர். வான்பரப்பை மூடப் போதிய காரணம் இருந்ததென 2015 இல் ஒல்லாந்து பாதுகாப்புச் சபை தெரிவித்தது.

யுத்தம் முடிந்துவிட்டது; அதனால் மதிப்பீடும் முடிந்துவிட்டதென்று பொருளல்ல. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகப் பலாலி திறக்கப்பட்டபோது, புதுப்பிக்கப்பட்ட ஓடுபாதை குறுகியதாகவே இருந்தது. ஈரமான குறுகிய ஓடுபாதை, மாரிமழை, பெரிய விமானங்கள் வரவேண்டுமென்ற அவசரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் உண்டு. சிதம்பரத்துக்கும் நாகூருக்கும் செல்லும் யாத்திரிகர்களும், சென்னைக்குச் சிகிச்சைக்காகச் செல்வோரும் பயன்படுத்தும் நிலையம் அது. ஓடுபாதை நீட்டப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் செய்யப்படும் மதிப்பீட்டைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை தமிழிலும் வெளியிட வேண்டுமெனக் கோருகிறோம்.