மண்புழுவின் தலையில் சுமத்தலாமா?

மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு பாய்ந்து கெட்டுப்போன வயல்களை மண்புழுக்களைக் கொண்டே சுத்தி செய்துவிடலாம் என்று நம்புவோர் உளர். மண்புழுவின் பெருமையைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. இங்கிலாந்தின் பல பாகங்களில் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் இப்பிராணிகளின் உடல் வழியே சென்று மேலே வருகிறதென்று சார்லஸ் டார்வின் 1881-ல் எழுதினார். ஆயினும், இந்த எளிய ஜீவனின் முதுகில் யாருடைய பாவமூட்டையை ஏற்றுவது என்பதற்கு ஒரு வரம்பு வேண்டாமா?

ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவை எடுத்துக்கொள்வோம். அங்கே சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் சோதித்து, 2007-ல் முடிவைப் பிரசுரித்தார்கள். சுத்திகரித்ததாகச் சொல்லப்பட்ட அந்நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆண்டிபயாடிக் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அம்மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் காணும் அளவைவிட இது அதிகம். ஒரே நாளில் வெளியேறியது ஏறக்குறைய 45 கிலோ. ஸ்வீடன் முழுவதும் 5 நாட்களில் உட்கொள்ளும் அளவு! அன்று ஓடைகளில் கலந்து, மஞ்சீரா வழியே கோதாவரிக்குப் போன நீர் இது. அப்பிரதேசத்துப் பாசன வயல்களின் மண்ணிலும் இவ்வகை மருந்துகள் இருந்ததை 2014-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

மண்புழு மருந்தை நேராகத் தின்று ஜீரணித்துவிடுவதில்லை. வளை தோண்டி மண்ணுக்குக் காற்றூட்டுகிறது. தன் குடலிலும் எச்சத்திலும் நுண்ணுயிர்களைப் பெருக்குகிறது. அந்நுண்ணுயிர்களே மருந்துகள் சிலவற்றைச் சிதைக்கின்றன. டெட்ராசைக்ளின் இவ்வாறு விரைவில் குறைவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கால்நடைகளுக்குக் கொடுத்த மருந்து சாணத்தோடு வயலுக்கு வருவதைக் குறைக்க, சாணத்தை முன்னதாகவே மண்புழு உரமாக்குவது நல்ல யோசனைதான், அதை ஆதரிக்கிறோம். சிப்ரோஃப்ளாக்சசின் சங்கதி வேறு. அது களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டு நெடுநாள் கிடப்பது. போதாக்குறைக்கு, எந்த நுண்ணுயிர்களை நம்பி வேலை நடக்கவேண்டுமோ அந்த இனத்தைக் கொல்வதற்கென்றே செய்த சரக்கு! தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காத கிருமிகள். அவற்றின் எதிர்ப்புச் சக்தியைத் தாங்கிய மரபணுக்கள் புழுவின் குடலிலேயே குடியேறி, அது ஊரும் இடமெல்லாம் பரவவும் கூடும்.

இவை சர்க்கார் அறியாத விஷயங்கள் அல்ல. பட்டன்சேருக் கழிவைப் பற்றிய வழக்கு 1990-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. வாய்தாக்களின் நீளத்தை வக்கீல் தொழில் அறிந்த நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. 2020 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் இலாகா வெளியிட்ட நகல் விதிகள், ஆலைக் கழிவுநீரில் ஆண்டிபயாடிக் மருந்து எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டின. 2021 ஆகஸ்டில் முடிவான விதிகள் வந்தபோது அந்த வரம்பைக் காணோம்! யார் கேட்டு, எந்தக் காரணத்தால் அது நீங்கிற்று என்பதை இலாகா பகிரங்கமாய்ச் சொல்லவேண்டும். நீக்கியதைத் திரும்பச் சேர்க்கவும் வேண்டும். வயலைச் சீர்திருத்தும் செலவு கழிவை விட்டவர்களைச் சேர்ந்தது. ஆலை வாசலில் அடைக்கவேண்டியதை அடைத்த பின்னர், மண்ணில் எஞ்சியதைக் கவனிக்க மண்புழுவை அழைக்கலாம். இதற்கிடையில், அங்குள்ள விவசாயிகளின் கிணற்று நீரையும் வயல் மண்ணையும் சோதித்து, முடிவைத் தெலுங்கில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுப்பதற்கு எந்தக் கோர்ட்டின் தீர்ப்பும் வேண்டியதில்லை.