வானத்தில் அடங்கிய வாரியார் குரல்!

7-11-1993. ஞாயிற்றுக்கிழமை.

லண்டனில் இருந்து இந்தியாவுக்கு ஓர் ஆகாய விமானம் பறந்து வந்து கொண்டிருந்தது. அதில் ஒரு முதியவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. வயது 87.

ஊர் வந்து சேரவில்லை. வழியிலேயே, வானத்திலேயே, அவர் உயிர் பிரிந்து விட்டது.

அவர்தான் திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள்!

தீபாவளிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அதை அடுத்துக் கந்தசஷ்டி. "சஷ்டிக்கு சுவாமிகள் பேச்சைக் கேட்கலாம்" என்று இருந்தவர்களுக்கு இடி போல வந்தது செய்தி.

பள்ளிக்கூடம் போகாதவர்

வாரியார் பிறந்தது 25-8-1906. ஊர், காட்பாடிக்குப் பக்கத்தில் உள்ள காங்கேயநல்லூர். தந்தை மல்லையதாசர், தாய் கனகவல்லி. பிள்ளைகள் 11 பேர். அதில் இவர் நான்காவது பிள்ளை.

அவர் பள்ளிக்கூடம் போனது இல்லை. தந்தைதான் ஆசிரியர். வீடுதான் பள்ளி. 12 வயதுக்குள் 10 ஆயிரம் பாடல்களை மனப்பாடம் செய்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

அருணகிரிநாதரின் திருப்புகழ் கடினமானது. படித்தவர்களே பொருள் தெரியாமல் திணறுவார்கள். அதைக் கைநாட்டு வைக்கும் பாட்டிக்கும் புரியும்படி வாரியார் சொன்னார். பாதி பேச்சு, பாதி பாட்டு. நடுநடுவே குட்டிக் கதை.

எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேருக்கு அவர் குரல்தான் புத்தகம். அந்தப் புத்தகம் மூடிக் கொண்டது என்றால் மனம் தாங்குமா?

"சொல்லின் செல்வர்"

அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஒரு நாள் அனுமன் கதை நடந்தது. அனுமனுக்கு "சொல்லின் செல்வன்" என்று பெயர். அப்போது சிலர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாரியார் பார்த்தார். "இவர்களும் சொல்லின் செல்வர்கள்தான். நான் சொன்னால் செல்கிறார்கள்!" என்றாராம். கிளம்பியவர்களும் சிரித்துக் கொண்டே உட்கார்ந்து விட்டார்களாம்.

இன்னொரு நாள், "முருகனுக்கு அப்பா யார்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். ஒரு சிறுவன் "சிவாஜி!" என்றான். சினிமா பார்த்த பிள்ளை! கூட்டம் சிரித்தது. வாரியார் சிறுவனைக் கோபிக்கவில்லை. "காந்தியைக் காந்திஜி என்கிறோம். நேருவை நேருஜி என்கிறோம். பிள்ளை சிவனைச் சிவாஜி என்கிறான். மரியாதை தெரிந்த பிள்ளை!" என்றாராம்.

இப்படி இன்றும் வீட்டுக்கு வீடு சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒரு தடவை முகம் பார்க்க

சுவாமிகளின் உடல் சொந்த ஊரான காங்கேயநல்லூருக்கு வந்து சேர்ந்தது. மக்களும் அங்கே திரண்டார்கள்.

பாடியில் இருப்பவர்களுக்கு அது எட்டாத ஊர் அல்ல. கொரட்டூரில் மின்சார ரெயில் ஏறினால் அரக்கோணம். அங்கே வண்டி மாறினால் காட்பாடி. காட்பாடியில் இறங்கினால் பக்கத்தில்தான் காங்கேயநல்லூர்.

இறந்தவர் பேசப் போவது இல்லை. பிறகு ஏன் போகிறோம்?

"போய் விட்டார்" என்று காது கேட்டால் மட்டும் மனம் நம்புவது இல்லை. கண் பார்க்க வேண்டும். ஓயாமல் பேசிய வாய் மூடி இருப்பதைப் பார்த்த பிறகுதான் மனம் ஒப்புக் கொள்கிறது. அழுகையும் அப்போதுதான் வருகிறது. அழுத பிறகே ஆறுதல் வருகிறது.

வாரியார் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவர் யாரிடமும் விடை பெறவில்லை. தூர தேசம் போனவர், வழியிலேயே போய் விட்டார். அவர் விடை பெறாததால் மக்களே போய் விடை கொடுத்தார்கள்.

எரிப்பது இல்லை

வாரியார் வீரசைவ மரபில் வந்தவர். ஐந்து வயதில் திருவண்ணாமலையில் அவருக்குச் சிவலிங்கம் அணிவித்தார்கள். அந்த மரபில் உடலை எரிப்பது இல்லை. அடக்கம் செய்வார்கள். அதன்படி சுவாமிகளின் உடல் காங்கேயநல்லூரில் அடக்கம் செய்யப்பட்டது.

அடக்கம் செய்த இடம் இன்று "ஞானத் திருவளாகம்" என்ற கோவிலாக இருக்கிறது. அன்று போக முடியாதவர்கள் இன்றும் போகிறார்கள். ஒரு முழம் பூ, ஒரு கற்பூரம். அது போதும்.

பாடியில் ஒரு சன்னதி

காங்கேயநல்லூர் போக வசதி இல்லையா? கவலை வேண்டாம்.

பாடிக்குப் பழைய பெயர் திருவலிதாயம். இங்கே உள்ள சிவன் கோவில் திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம். அருணகிரிநாதரும் இந்த ஊர் முருகனைத் திருப்புகழில் பாடி இருக்கிறார்.

வியாழ பகவான் இங்கே சிவனை வழிபட்டார் என்பது தல புராணம். அதனால் வியாழக்கிழமைகளில் குருவை வணங்க மக்கள் வருகிறார்கள். வானத்தில் உள்ள குருவுக்கு விளக்கு ஏற்றுகிறோம். நமக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தந்த குருவையும் அதே விளக்கின் முன் ஒரு நிமிடம் நினைக்கலாம் அல்லவா?

கடைசி மரியாதை எது?

மாலை மறுநாள் வாடி விடும். கற்பூரம் ஒரு நொடியில் கரைந்து விடும். கூட்டமும் மாலைக்குள் கலைந்து விடும்.

வாரியார் சுமார் 150 புத்தகங்கள் எழுதினார். "திருப்புகழ் அமிர்தம்" என்ற பத்திரிகையைப் பல ஆண்டுகள் நடத்தினார். வயலூர் முருகன் கோவிலுக்கும் வடலூர் சபைக்கும் திருப்பணி செய்தார். இவை எல்லாம் நிற்கின்றன. அவர் குரல்கூட ஒலிநாடாவில் நிற்கிறது.

ஆனால் அவர் அதிகம் நம்பியது கேட்பவர்களின் காதைத்தான். "கேட்டதைப் பிள்ளைக்குச் சொல்வார்கள்" என்று நம்பித்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "முருகனுக்கு அப்பா யார்?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் திட்டாதீர்கள். அவரைப் போலவே சிரித்துக் கொண்டு சொல்லிக் கொடுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒரு திருப்புகழை உரக்கப் படியுங்கள்.

அதுதான் அவருக்குச் செலுத்தும் கடைசி மரியாதை. அதை ஒரே நாளில் செலுத்தி முடிக்க முடியாது!