இதயத் துடிப்பை வரைந்த இழை

இதயம் துடிக்கும்போது அதன் தசைகளில் எழும் மின் மாற்றம் தோல்வரை பரவுகிறது என்றாலும், கைகால்களில் அளந்தால் கிடைப்பது ஏறத்தாழ 1 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மின்னணுப் பெருக்கிகள் இல்லாத காலத்தில் இச்சிறு மின்னழுத்தமே கருவியின் உறுப்பொன்றை நேரடியாக அசைத்தாக வேண்டியிருந்ததால், அவ்வுறுப்பு சற்றே மந்தமாக நகர்ந்தாலும் துடிப்பின் வடிவம் சிதைந்து பதிவாயிற்று.

1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தது நுண்குழாய் மின்மானியைக் கொண்டுதான். மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசமும் நீர்த்த கந்தக அமிலமும் சந்திக்கும் எல்லை, மின்னழுத்தம் மாறும்போது ஏறி இறங்குவதை ஒளிப்படத் தகட்டில் பதியும் கருவி அது. பாதரசம் மெதுவாகவே நகர்ந்ததால், நெதர்லாந்தின் லைடன் நகர உடலியல் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் அக்கோடுகளின் உண்மை வடிவத்தைக் கணக்கிட்டே வருவிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு திருத்திய அலைகளுக்கு அவர் இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்களையே மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

திருத்தமே வேண்டாத கருவியை நாடிய ஐந்தோவன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இழைக் கால்வனோமீட்டரை உருவாக்கினார். உருக்கிய குவார்ட்ஸை அம்பின் முனையில் ஒட்டி வில்லிலிருந்து எய்தால், அம்பு பறக்கும் வேகத்தில் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய இழை நீண்டுவரும். அதற்கு வெள்ளி முலாம் பூசி, வலிமையான மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே கட்டினால், மின்னோட்டம் பாயும்போதெல்லாம் இழை பக்கவாட்டில் விலகும். அதன் நிழலை நுண்ணோக்கி பெரிதாக்கி, நகரும் ஒளிப்படத் தகட்டில் வீழ்த்தும். அளவியல் வரலாற்றில் இதற்கு இணையான எளிமையும் துணிவும் கொண்ட தீர்வுகள் மிகச் சிலவே.

கண்ணுக்கே எளிதில் புலப்படாத அந்த இழைக்காக, ஏறக்குறைய 270 கிலோ எடையுள்ள கருவியையும், சூடேறும் மின்காந்தத்தைக் குளிர்விக்க நீரோட்டத்தையும், இயக்குவதற்கு ஐந்து பேரையும் அமைக்க வேண்டியிருந்தது. நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமையால், 1905இல் ஐந்தோவன் சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து நோயாளிகளின் இதயச் சமிக்ஞைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1924இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பின்னர் வந்த பெருக்கிகள் இழையை வழக்கொழித்துவிட்டன எனினும், வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகம், 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம் என்று ஐந்தோவன் வகுத்த அளவிலேயே இ.சி.ஜி. தாள் இன்றும் ஓடுகிறது.