கிராஃபில் விழும் இடைவெளி

"ஆக்டேவில் கணக்கெல்லாம் சரியா வருது, கிராஃப் மட்டும் வரமாட்டேங்குது." இப்படிக் கேட்பவர்களில் பலர் அதற்குள் மென்பொருளை ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது.

கணக்குப் போடுவது ஒரு பகுதி, படம் வரைவது வேறொரு பகுதி. எதில் கோளாறு என்று பிரித்துப் பார்க்க, 1 முதல் 10 வரையுள்ள எண்களைப் பிளாட் கட்டளைக்குக் கொடுங்கள். மேலேறும் ஒரு நேர்கோடு வரவேண்டும்.

கோடு வரவில்லையா? கோளாறு வரையும் பகுதியில். ஆக்டேவுக்கு க்யூட்டி, எஃப்எல்டிகே, க்னூபிளாட் என்று மூன்று வரைகருவிகள் உண்டு. முதல் இரண்டும் ஓபன்ஜிஎல்லை நம்பியிருப்பவை. டிஸ்ப்ளே டிரைவர் சரியில்லை என்றால் வெற்று ஜன்னல்தான் வரும். கிராபிக்ஸ்_டூல்கிட் கட்டளையில் க்னூபிளாட்டுக்கு மாற்றி, புது ஜன்னலில் வரைந்து பாருங்கள். டெர்மினலில் ஸ்கிரிப்டாக ஓட்டும்போது படம் மின்னி மறைந்தால், ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஆக்டேவும் மூடிக்கொள்கிறது என்று அர்த்தம். கடைசி வரியில் பாஸ் போட்டால் போதும்.

கோடு வந்துவிட்டதா? அப்படியென்றால் உங்கள் தரவைத்தான் பார்க்கணும். கோடு போட இரண்டு புள்ளி வேண்டும். லூப்புக்குள் ஒவ்வொரு புள்ளியாக வரைந்தால், புள்ளிக்குறி கொடுக்காதவரை எதுவும் தெரியாது. 'நேன்', அதாவது 'எண் அல்ல' என்ற மதிப்பு வரும் இடத்தில் கோடு அறுந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்று நேனாக இருந்தால் கோடே இருக்காது.

இதையெல்லாம் எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். எனக்குப் பயம், அழகாக வந்து பொய் சொல்கிற படத்தைப் பார்த்துத்தான். மழைத் தரவுகளைத்தான் நான் அதிகம் நோண்டுகிறேன். அவற்றில் பதிவில்லாத நாளுக்கு -999 என்று போட்டிருப்பது வழக்கம். அப்படியே வரைந்தால் அச்சு -999 வரை இறங்கி, நிஜ மழை மேலே ஒரு தட்டைக் கோடாகத் தெரியும். முப்பது நாளில் ஒரே ஒரு -999 இருந்தாலும் தினசரிச் சராசரியில் 33 மி.மீ. போய்விடும்.

சரி, அதைச் சுழியமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். படமும் சட்டென்று அழகாகிவிடும். ஆனால் பதிவில்லாத நாள் இப்போது மழையில்லாத நாள் ஆகிவிட்டது. பதிவேடு விட்டுப்போன ஒரு வருஷம் வறட்சி வருஷமாகத் தெரியும். பழைய வருஷங்களில் இப்படி விடுபடல் அதிகமென்றால், மழை வரவர அதிகரிக்கிறது என்றுகூட முடிவு கட்டிவிடலாம்.

அதனால் -999ஐ நேனாக மாற்றுங்கள். சராசரி போடும்போது அந்த நாட்களை விட்டுவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் விடையும் நேன்தான். எத்தனை நாள் விட்டீர்கள் என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். கிராஃபில் இடைவெளி விழும். விழட்டும், அந்த நாளில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதைத்தானே அது சொல்கிறது.