சபைக் கல்லூரியில் படிக்க உண்மையில் எவ்வளவு செலவாகும்?

அமெரிக்காவில் கிறிஸ்தவ சபைகள் தொடங்கிய சிறிய தனியார் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அப்படி ஒன்றில் சேர உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆண்டுக் கல்விக் கட்டணம் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

அவ்வளவும் கட்ட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். அங்குள்ள தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடி தருகின்றன. அதற்கு உதவித்தொகை என்று பெயர். அதனால், அறிவித்த கட்டணத்தை வைத்து இரண்டு கல்லூரிகளை ஒப்பிடாதீர்கள். நிகரக் கட்டணத்தை (தள்ளுபடி போக நீங்கள் கட்டுவது) கேளுங்கள்.

அந்தத் தள்ளுபடி நான்கு ஆண்டும் நீடிக்குமா? பலர் கேட்க மறப்பது இதைத்தான். உதவித்தொகை 22,000 டாலர் என்றால் முதலாண்டில் நீங்கள் கட்டுவது 18,000. கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறி, உதவித்தொகை அப்படியே நின்றால், நான்காம் ஆண்டில் உங்கள் பங்கு ஏறத்தாழ 23,000 டாலரைத் தொட்டுவிடும். மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகையே நின்றுபோகவும் கூடும். எந்த மதிப்பெண் வரை தருவார்கள், கட்டணம் ஏறினால் அதுவும் ஏறுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு செலவு? விடுதி, சாப்பாடு, புத்தகம், மருத்துவக் காப்பீடு. வளாகத்திலேயே தங்க வேண்டும் என்பது பல சிறிய கல்லூரிகளில் விதி. வெளியே மலிவாக அறை எடுத்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

அரசு உதவி உண்டா? அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் மானியம் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம்) 2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலர். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. கல்லூரி தருவதையும் கைப்பணத்தையும்தான் நம்ப வேண்டும். பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி மத்திய அரசுப் பணத்தையே ஏற்பதில்லை. பெல் மானியத்தை அங்கே பயன்படுத்த முடியாது.

கட்டணமே இல்லாத கல்லூரி உண்டா? உண்டு. கென்டக்கியில் பெரியா கல்லூரி. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர் 1855இல் தொடங்கியது. கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான இடம் அது. நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு. ஆனால் போட்டி கடுமை.

சபையைச் சேராதவர்கள் சேரலாமா? சில கல்லூரிகள் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும். பல, எல்லோரையும் சேர்க்கும். ஆராதனைக்கு வருவது கட்டாயமா என்றும் விசாரியுங்கள். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை தருவதும், சபை தரும் தொகைக்கு இணையாகக் கல்லூரியும் தருவதும் உண்டு. கேட்டால்தான் தெரியும்.

கடைசியாக ஒரு பயம்: கல்லூரி மூடப்பட்டால்? நடக்கிறது. அலபாமாவில் மெதடிஸ்ட் சபையோடு இணைந்த பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. வேறு கல்லூரிக்கு மாறும்போது படித்த பாடங்கள் எல்லாவற்றையும் ஏற்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஏற்காதவற்றுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். எனவே சேரும் முன்பே கடந்த ஐந்தாண்டு மாணவர் எண்ணிக்கையையும், அங்கீகாரம் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.