நாலரையா, ஐந்தரையா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடைக்குப் போனால், ஏர்கன்னில் போடும் ஈய ரவையை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பாருங்கள். உடுக்கை மாதிரி இருக்கும். தலை கெட்டி, இடை சிறுத்திருக்கும், பின்பக்கம் உள்ளே குழிந்திருக்கும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்த மெல்லிய விளிம்பு விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும்; காற்று கசியாது.

இதன் விட்டம் பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர். அடுத்த அளவு 5.5. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்று தள்ளுவது ரவையின் பின்பரப்பை. பரப்போ விட்டத்தின் வர்க்கமாக வளரும். ஐந்தரைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குப் பரப்பு. அழுத்தமும் குழல் நீளமும் மாறாவிட்டால் உந்துவிசையும் ஒன்றரை மடங்கு. 200 பார் வரை காற்றடைத்த சிலிண்டர் துப்பாக்கிகளில் பெரிய விட்டத்துக்கு மவுசு அதனால்தான். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்கு ஜிரார்டோனி செய்த காற்றுத் துப்பாக்கியின் குழல் 11 மில்லிமீட்டருக்கும் மேல்! ஸ்பிரிங் துப்பாக்கியில் இந்த லாபம் குறைவு. ஸ்பிரிங்கில் இருப்பதற்கு மேல் சக்தி எங்கிருந்து வரும்?

இரண்டுக்கும் சமமாக 20 ஜூல் கொடுத்துப் பார்ப்போம். 0.53 கிராம் நாலரை ரவை நொடிக்கு 275 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒரு கிராம் ஐந்தரை, 200 மீட்டரில். காற்றுத் தடையை விட்டுவிட்டாலும், 50 மீட்டர் போவதற்குள் முன்னது 16 சென்டிமீட்டர் தாழும், பின்னது 31. தூரத்தைத் தப்பாகக் கணித்தால் ஐந்தரைதான் அதிகம் காலை வாரும். காற்றைக் கிழித்துப் போகையில் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழக்காது என்பது அதற்குச் சாதகம்.

20 ஜூல் என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2016 ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிக்குக் குறித்த எல்லைகள் 20 ஜூல், 4.5 மில்லிமீட்டர். மேலே போக நினைப்பவர் முதலில் உரிமத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

போய்த்தான் எதைச் சுடுவது? மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே கொக்கைக் குறிவைத்தால் வழக்குதான். பலூனுக்கோ ஒரு கீறல் போதும். 10 மீட்டர் போட்டி அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், ரவை அதைவிட 9 மடங்கு அகலம். அதற்கு எட்டு ஜூல்கூடத் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் (1993 வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்) 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது நாலரையில்தான்.

வாங்குவதானால் நாலரையையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை ரவைக்கும் அட்டைக்கும் செலவிடுங்கள்; அட்டைக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும்.